பலகையில் எழுதிய பாவங்கள்

ஆறாவது பிள்ளை போய் முழந்தாள் போட்டுவிட்டான். இன்னும் பத்துப் பேர், அப்புறம் பெனிற்றா. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் அரை மணி நேரம் இருக்கிறது, ஆனால் மூன்று நிமிஷம் எங்கே ஆகிறது, போன வேகத்திலேயே எழுந்து வந்துவிடுகிறார்கள், எட்டு வயசுப் பிள்ளைகளின் பாவம் அவ்வளவு தூரம்தான் ஓடும். உயரப்படி வரிசையில் நிற்க வைத்தது நான்தான், அதனால்தான் என் மகள் பதினேழாவது. பெயர் வரிசையில் நிறுத்தியிருந்தால் மூன்றாவதாகவே போயிருப்பாள், முடிந்திருக்கும், நான் இப்படி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முடிந்திருந்தால் நல்லது என்றா நினைக்கிறேன்? தெரியவில்லை. தோளில் லியோன் தூங்குகிறான். ஏழு மாசம், எட்டு கிலோ, தூங்கிவிட்டால் பத்துக் கிலோ. அவன் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று பார்க்கிறேன், படுகிறது, மறுபடி பார்க்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோவிலுக்குள் இவ்வளவு வெக்கை, மேலே மின்விசிறி சத்தத்தை மட்டும் கீழே அனுப்புகிறது, இமை தானாக இறங்குகிறது, இறங்கக் கூடாது, பெஞ்சில் முதுகு சாயாமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் புதுநன்மை, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் வெள்ளை உடுப்பு தைத்து வந்துவிட்டது, மெழுகுதிரிக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது, மறைக்கல்வி மிஸ் என்ற முறையில் எனக்கு இந்த ஒரு வேலைதான் பாக்கி, முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளை ஒழுங்காக அனுப்பிவைப்பது. பிள்ளைகளின் பாவங்களைக் கேட்கப் பங்குச்சாமியார் அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, நடுவில் ஒரு மரத்தட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் ஒப்பிக்கிற அதே ராகத்தில் கத்துகிறார்கள். மூன்று பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், ஜெபம் சொல்லாமல் தூங்கினேன். அடுத்த பிள்ளையும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. முன் பெஞ்சிலிருந்து வயலட் மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா, முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பி, "ஏ டெல்சி, ஸ்டெபினுக்கு ஏதுட்டி தம்பி? அவன் பெறந்தன்னைக்கே அவன் அம்மைக்குக் கர்ப்பப்பைய எடுத்தாச்சே" என்கிறார். பக்கத்து அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அது என் தப்பு. பலகையில் எழுதிப் போட்டது நான். எங்களுக்குப் பாவமே இல்லை மிஸ் என்று ஒருத்தன் சொன்னான், ஆமா மிஸ் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், சரி, மாதிரிக்கு மூன்று எழுதுகிறேன், இதை அப்படியே எழுதக் கூடாது, இதைப் பார்த்து உங்களுடையதை யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். பலகையில் இருப்பதை எழுதாதே என்று எந்தப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியும், ஒன்றாம் வகுப்பிலிருந்து பலகையைப் பார்த்து எழுதத்தானே பழக்குகிறோம். ஆனால் அதுவல்ல. தம்பியை அடித்தேன் என்று ஏன் எழுதினேன். பென்சிலை எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கலாம், அம்மா சொல் கேட்கவில்லை என்று எழுதியிருக்கலாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற மாதிரி எத்தனையோ இருக்கிறது. சாக்பீஸ் பிடித்த கை அதைத்தான் எழுதிற்று. எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் பெஞ்சில் பெனிற்றா பலகையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், எழுத ஆரம்பித்தாள். ஏழாவது பிள்ளை எழுந்து வருகிறது. எட்டாவது போகிறது. வீட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது முடிந்து மூன்று வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் முடியவில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து லியோனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு அவன் தூங்கவில்லை, அதற்கு முந்தின இரவும் தூங்கவில்லை, கண்ணை மூடவில்லை, மூடினேன் என்று நினைவில்லை, ஒரு சத்தம் மட்டும் கேட்டது, தேங்காய் விழுந்த மாதிரி என்று சொன்னால் தப்பு, அதைவிட மெதுவான சத்தம், மெதுவாக இருந்ததுதான் பயம். தரையில் கிடந்தான். அழவில்லை. பிறகு அழுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிமிர்ந்தால் வாசலில் பெனிற்றா, முதுகில் ஸ்கூல் பை, ஒரு காலில் ஷூ. அவன் அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து மைனி ஓடிவந்தார். புருவத்துக்கு மேலே ரத்தம். யாரு பாத்துக்கிட்டு இருந்தது, யாரு பாத்துக்கிட்டு இருந்தது என்று கேட்டார், இரண்டு தடவை கேட்டார், முதல் தடவை கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டாம் தடவை வந்திருக்காது. பெனிற்றாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாத்ரூம் போனேன் மைனி, அதற்குள்ளே, என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்த பொய்க்குக் கனம் குறைவு என்று எங்காவது எழுதியிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது மறுபடி சொன்னேன். துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்த என் வீட்டுக்காரரிடம் மூன்றாம் தடவை சொன்னபோது அது ரொம்பச் சரளமாக இருந்தது, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம், தண்ணீர் எந்த வாளியில் என்பதுவரை எனக்கே தெரிந்தது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், நான்கு தையல், ஒன்றுமில்லை, ஆனாலும் வாந்தி எடுக்கிறானா பாருங்கள், அளவுக்கு மீறித் தூங்குகிறானா பாருங்கள் என்றார்கள். அளவு என்றால் எது என்று கேட்கவில்லை. அதனால் தினமும் அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரவில் சமையலறையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை பாடத்துக்குக் குறிப்பு எழுதுவதுகூட அதற்காகத்தான், எழுதினால் தூக்கம் வராது, நாலு வரிக்கு ஒருதரம் எழுந்துபோய் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கலாம். மன்னிப்பு என்றால் என்ன. கடவுள் மன்னித்ததை மறந்துவிடுகிறார். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் விரலை வைத்தேன். நான் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். லியோன் பிறந்த புதிதில் நான் அழுதுகொண்டே இருந்தேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, குளிக்கப் போனால் குளிக்கிற இடத்தில் அழுகை, சோறு வடிக்கும்போது அழுகை. மைனி அவரிடம், இவகிட்ட பிள்ளைய விட்டுட்டு நீ எப்படி வேலைக்குப் போற, எனக்கு ஈரக்குலை நடுங்குது என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் அக்கா வச்சுக்கட்டுமே டெல்சி, நீயும் தூங்குன மாதிரி இருக்கும் என்றார். தூங்கின மாதிரி. தூங்கிவிட்டேன் என்று தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள், பக்கத்து வீட்டுக்குத்தான், சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஆனாலும் கொண்டுபோனது கொண்டுபோனதுதான். அதற்குப் பயந்துதான் அந்த ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாகப் பெனிற்றாவிடமிருந்து கொண்டுபோய்விட்டார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றியவள், இப்போது பக்கத்தில் போனாலே மைனி அடுத்த வீட்டிலிருந்து சத்தம் போடுகிறார், ஏட்டி, கைய எடு. அவள் அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, நீ இனிமே அவனத் தூக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான் பாத்துக்கச் சொல்லலியே என்று ஒருதரம் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே உடைந்திருப்பேன். சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. ஒருவேளை நம்பிவிட்டாளா? அம்மா சொன்னால் சொன்னதுதான், நமக்குத்தான் காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டாளா? எட்டு வயசில் அப்படி நினைக்க முடியும். நான் நினைத்திருக்கிறேன். கான்வென்ட் போர்டிங்கில் சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம், நான் தவறாமல் மூன்று பொய் என்று சொல்வேன். ஒரு வாரம் வயசான சாமியார் ஒருவர், என்னென்ன பொய் மகளே என்று கேட்டுவிட்டார். அந்த இடத்திலேயே மூன்றை உண்டாக்கிச் சொன்னேன். வெளியே வந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. பொய்யான பாவத்துக்குக் கிடைத்த மன்னிப்புக்கு அவ்வளவு லேசு இருந்ததே, அப்படியானால் என் மகளும் இன்றைக்கு லேசாகத்தானே வருவாள், விட்டுவிடலாமே, செய்யாததைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு நாளைக்கு வெள்ளை உடுப்போடு நிற்கட்டுமே. இப்படி நினைக்கிறேன். இப்படி நினைக்கிற மூளையோடுதான் போன ஞாயிறு நன்மைக்கு எல்லோரும் எழுந்தபோது, பிள்ளை அழுகிறான் என்று தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன், பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நிஜமான பாவம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல ராகம் தெரியவில்லை.

பன்னிரண்டாவது. எப்போது பன்னிரண்டு ஆயிற்று, நடுவில் தூங்கிவிட்டேனா, லியோன் இருக்கிறான், இருக்கிறான், மூச்சு வருகிறது. வரிசை நகர நகரப் பெனிற்றாவின் பின்தலை மட்டும் தெரிகிறது, காலையில் நான் வகிடெடுத்த கோடு. வாரிவிடும்போது அசையாமல் நின்றாள், முன்பெல்லாம் சீப்பு பட்டாலே கத்துவாள். அருள் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்த வாரம் எல்லோருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தேன், பாடம் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மிட்டாய். நான் ராத்திரி எட்டு மணிவரைக்கும் படிச்சேன் மிஸ், அவன் கிரிக்கெட் விளையாடினான், அவனுக்கும் அதே மிட்டாயா என்று ஒருத்தன் எழுந்து நின்றான், அழுகிற நிலைமையில் இருந்தான். அதுதான்டா அருள், சம்பாதிக்காமல் கிடைப்பது என்றேன். அப்ப நான் ஏன் படிச்சேன் என்றான். நல்லவேளை மணி அடித்தது, காப்பாற்றிற்று. அடுத்த வாரம் கையை மூடிக்காட்டினேன், கோபத்தை இப்படி மூடிவைத்துக்கொண்டால் கடவுள் கொடுப்பதை எந்தக் கையில் வாங்குவாய், பிறரை மன்னிக்காதவனுக்கு மன்னிப்பு இல்லை, அது பெரிய பாவம், சொல்லுங்கள். சொன்னார்கள். இருபத்திரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள், கூரை அதிர்ந்தது. என்ன அழகான வகுப்பு என்று சாமிகூடச் சொன்னார். பதினான்காவது பிள்ளை போகிறாள். தம்பியை அடித்தேன். இது மேரி ஷைனி, இவளுக்கு இரண்டு தம்பி, இவள் நிஜமாகவே அடித்திருப்பாள். அடுத்து இரண்டு பேர், பிறகு அவள் குரல். அதே ராகத்தில் சொல்வாளா? தம்பியைக் கீழே போட்டேன். எல்லோருக்கும் கேட்கும், மைனிக்குக் கேட்கும், மைனி தலையை ஆட்டிக்கொள்வார், பாவம் பிள்ளை, ஒத்துக்கிட்டா பாத்தியா என்று வெளியே போய்ச் சொல்வார், அவள் அப்பாவும் கேட்டுச் சந்தோஷப்படுவார், எல்லோரும் என் மகளை மன்னித்துவிடுவார்கள். நானும் மன்னிக்க வேண்டியிருக்கும். அவள் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் நான் அவளை மன்னிக்க வேண்டியிருக்கும். இதை நினைத்த உடனே என் கால் எழுந்துவிட்டது. நான் எழவில்லை, கால்தான் எழுந்தது, பெஞ்சு கிரீச்சிட்டது, மைனி திரும்பிப் பார்க்கிறார், லியோனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறேன், இப்போதுகூடத் திரும்பிவிடலாம், வரிசையைச் சரிபார்க்க வந்த மாதிரி இரண்டு பிள்ளைகளை அதட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடலாம்.

பெனிற்றா, கொஞ்சம் வா என்கிறேன். வரிசை போயிரும் என்கிறாள், தரையைப் பார்த்துக்கொண்டு. போகாது, உன் இடம் உனக்குத்தான், வா. பக்கக் கதவுக்கு அருகில் தூணோரமாக நிற்கிறோம். வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. எப்படி ஆரம்பிப்பது, மூன்று வாரமாக இதற்குக் குறிப்பு எழுதவில்லை. "அன்னைக்குத் தம்பியப் பாத்துக்கன்னு நான் உங்கிட்ட சொல்லல. நான் தூங்கிட்டேன். நீ ஒண்ணுமே செய்யல" என்று சொல்லிவிடுகிறேன், சொல்லி முடித்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருக்கிறது. "தெரியும்" என்கிறாள் அவள். தெரியும். ஷூவைக் கழற்றிக்கிட்டு இருக்கும்போது சத்தம் கேட்டுச்சு, நீ முழிச்சத நான் பாத்தேன் என்கிறாள். அப்படியானால் மூன்று வாரமாக இந்தப் பிள்ளை எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் சாப்பிட்டிருக்கிறாள், நான் வாரிவிட்ட தலையோடு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள், மைனி கையை எடு என்றதும் கையை எடுத்திருக்கிறாள். நம்பியிருப்பாளோ என்று நான் பயந்தேன், நம்பியிருந்தால் எவ்வளவோ தேவலை போலிருக்கிறது. பின்னே உள்ளே போய் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிறேன், கேட்கக் கூடாது, பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதை யாரும், அம்மாகூட, கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். சொல்கிறாள். "உம்மேல கோவமா இருக்கேன்னு. மன்னிக்கவே முடியலன்னு. அது பெரிய பாவம்னு நீதான கிளாஸ்ல சொன்ன." பதினைந்தாவது பிள்ளை கத்துகிறது, மூன்று பொய் சொன்னேன். இவள் என் பாவத்தையும் சுமந்து, அதை மன்னிக்க முடியாததையும் தன் பாவமாக எழுதிவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். மன்னிச்சிரும்மா என்று நாக்கு நுனிவரை வருகிறது. கேட்டால் கொடுத்துவிடுவாள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன், கேட்டவுடன் கையைத் திறந்துவிட வேண்டும் என்று. கொடுத்துவிட்டு இன்னும் ஒரு மூன்று வாரம் பேசாமல் இருப்பாள். அவள் கோபத்தையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கேட்கவில்லை. அது பாவமில்லை என்கிறேன், நான் வகுப்பில் சொன்னது தப்பு, எனக்கே சரியாகத் தெரியாமல் சொல்லிவிட்டேன், நீ கோபமாக இரு. எவ்வளவு நாளைக்கு என்கிறாள். தெரியவில்லை, தீருகிறவரைக்கும். அதுவரைக்கும் நன்மை வாங்கலாமா? வாங்கலாம். என் முகத்தை நம்பாமல் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள், "நெசமாவா, இல்ல அன்னைக்கு மாதிரியா?" நெசமா, என்னை நம்ப வேண்டாம், உள்ளே போய் சாமியிடமே கேள். அப்பாட்ட? இன்னைக்குச் சொல்லிவிடுகிறேன். அத்தைட்ட? அத்தையிடமும். லியோன் அசைகிறான், முகத்தைத் திருப்பி, அவளைப் பார்த்ததும் காலை உதறுகிறான், இரண்டு கையையும் நீட்டுகிறான். அவள் கை கொஞ்சம் மேலே வந்து, அங்கேயே நிற்கிறது. பிடி என்கிறேன். கொடுத்துவிட்டேன். இடுப்பை ஒருபக்கம் சாய்த்து வாங்கிக்கொள்கிறாள், பழைய இடம், அவன் காலுக்கு அது தெரிந்திருக்கிறது. முன் பெஞ்சில் மைனி எழுந்துவிட்டார், ஏட்டி, ஏட்டி பிள்ளைய, என்று கோவில் என்றும் பார்க்காமல். எல்லா அம்மாக்களும் திரும்புகிறார்கள். சத்தமாகவே சொல்கிறேன். "இருக்கட்டும் மைனி. அன்னைக்குக் கீழ போட்டது நான். தூங்கிட்டேன். பிள்ளை மேல பழியப் போட்டேன்." மைனி கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, கால் செருப்பைத் துழாவிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போகிறார், என்னைத் தாண்டித்தான் போகிறார், பெனிற்றாவின் அப்பாவுக்குத்தான் போடுகிறார் என்று தெரியும், கையைப் பிடித்து நிறுத்தலாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சலாம். நிற்கிறேன். கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குகின்றன. சாயங்காலம் தொட்டில் எந்த வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பதினாறாவது பிள்ளை எழுந்து வருகிறது. பெனிற்றா தம்பியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு தட்டியை நோக்கி நடக்கிறாள், பாதியில் நின்று திரும்பி என்னைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. கோபமாகத்தான் பார்க்கிறாள், கண்ணை எடுக்காமல், நேராக, முழுக் கோபமாக. மூன்று வாரத்தில் இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.